விமானியை எச்சரிக்கும் குரல்: தரை நெருக்க எச்சரிக்கை அமைப்பு எப்படி இயங்குகிறது?

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் புறப்பட்ட டிசி-8 விமானம் ஒன்று, வழியில் கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குவதற்காக இலங்கைத் தீவின் மேல் மேற்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. விமானிகள் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி, உயரத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கீழே இருந்தது கடற்கரைச் சமவெளி அன்று, மலையகம். மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதியது; அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள்.

பழுதில்லாத ஒரு விமானம், விமானியின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, மோதப்போகிறோம் என்பதை அவர் அறியாமலே மலையிலோ தரையிலோ நீரிலோ மோதுவதை விமானத் துறையில் தனி வகை விபத்தாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜெட் யுகத்தின் முதல் இருபது ஆண்டுகளில் மிக அதிகமான உயிர்களைப் பறித்தவற்றில் இதுவும் ஒன்று. இதைத் தடுப்பதற்கென்றே பிறந்த கருவிதான் தரை நெருக்க எச்சரிக்கை அமைப்பு. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், விமானி எந்நேரமும் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டிய இரண்டு கேள்விகளை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் எங்கே இருக்கிறேன் என்பது ஒன்று. எனக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதற்கும் விடை தெரிந்துவிடும் என்று தோன்றும். அப்படி நினைத்ததுதான் பல விபத்துகளுக்குக் காரணமாயிற்று.

முதல் கேள்விக்கு விடை தருவது வழிசெலுத்தும் கருவிகள். தரையில் நிறுவப்பட்ட வானொலி நிலையங்கள் அனுப்பும் அலைகளைப் பிடித்து, அந்த நிலையத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று அறிவது பழைய முறை; அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பெருங்கடல்களுக்கும் துருவப் பகுதிகளுக்கும் அது எட்டாது. அங்கே கைகொடுத்தது நிலைம வழிசெலுத்தி. புறப்படும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அதற்குச் சொல்லிவிட்டால் போதும். அதன் உள்ளே இருக்கும் ஜைரோஸ்கோப்புகளும் முடுக்கமானிகளும் விமானத்தின் ஒவ்வொரு திரும்பலையும் ஒவ்வொரு வேக மாற்றத்தையும் அளந்து, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று கணக்கிட்டுக்கொண்டே வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவர் தன் காலடிகளை எண்ணிக்கொண்டே போவதைப் போன்றது இது. வெளியிலிருந்து எந்தச் சைகையும் வேண்டியதில்லை; ஆனால் ஒவ்வொரு அடியிலும் நேரும் சிறு பிழை அடுத்த அடியோடு சேர்ந்து வளரும். ஜிபிஎஸ் வந்தபின் இந்தப் பிழையை அவ்வப்போது திருத்திக்கொள்ள முடிகிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சைகை கிடைத்தால், விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுவிடும். இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, போகவேண்டிய பாதையில் விமானத்தைச் செலுத்தும் கணினியே பறப்பு மேலாண்மைக் கணினி எனப்படுகிறது.

விமானியின் முன்னால் இருக்கும் முதன்மை உயரமானி உண்மையில் ஒரு காற்றழுத்தமானி. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதை வைத்து அது உயரத்தைக் காட்டுகிறது. கடல் மட்டத்தை ஒட்டிய உயரங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு என்பது ஏறத்தாழ 27 அடிக்குச் சமம். அன்றைய காற்றழுத்தத்தைக் கட்டுப்பாட்டாளரிடம் கேட்டு உயரமானியில் பொருத்தும்போது பத்து ஹெக்டோபாஸ்கல் தவறிப்போனால், கருவி காட்டும் உயரத்தில் 270 அடி பொய்யாகிவிடும். சரியாகவே பொருத்தினாலும், அது சொல்வது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தை மட்டுமே. உயரமானி 4,000 அடி என்று காட்டும்போது கட்டுநாயக்கவின் மேல் பறப்பவருக்குக் கீழே ஏறக்குறைய 4,000 அடி வெட்டவெளி இருக்கும். அதே எண்ணைப் பார்த்துக்கொண்டு மலையகத்துக்குள் பறப்பவருக்கு எதிரே பாறை இருக்கும். உயரமானி இரண்டு பேரிடமும் உண்மையைத்தான் சொல்கிறது. எந்த இடத்தின் மேல் இருக்கிறோம் என்பதை விமானி தவறாக நினைத்துக்கொண்டால், அந்த உண்மை அவருக்குப் பயன்படாது. 1974இல் அந்த டிசி-8 விமானிகளுக்கு நடந்தது இதுதான். தரைக்கு அனுப்பும் ரேடியோ அலையில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு விமானத்தின் வேகத்தைக் கணக்கிடும் டாப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பித் தம் இடத்தை முடிவு செய்ததில் பிழை நேர்ந்தது என்பதே விசாரணையின் முடிவு.

இங்கேதான் இரண்டாவது உயரமானியின் தேவை எழுகிறது. விமானத்தின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்ட ரேடியோ உயரமானி, 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ரேடியோ அலையை நேர் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு உயரத்தை அறிகிறது. 2,500 அடி உயரத்திலிருந்து போய்த் திரும்ப அந்த அலைக்கு ஒரு நொடியின் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஐந்து மைக்ரோநொடி ஆகும். பொதுவாக அந்த 2,500 அடிதான் அதன் எல்லை. அதற்கு மேல் அது எதுவும் காட்டாது. தரையிறங்கும் கடைசி நொடிகளில் விமானி அறையில் ‘ஃபிஃப்டி, தர்ட்டி, டுவென்டி, டென்’ என்று ஒரு குரல் எண்ணிக்கொண்டே வருவது பயணிகளின் காதுக்கு எட்டுவதில்லை. அந்த எண்கள் எல்லாம் ரேடியோ உயரமானி தருபவை. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 5ஜி சேவை தொடங்கவிருந்தபோது ஏர் இந்தியா உட்பட்ட விமான நிறுவனங்கள் அந்நாட்டுக்கான விமானங்கள் சிலவற்றை ரத்து செய்ததற்குக் காரணமும் இந்தக் கருவியே. பக்கத்து அலைவரிசையில் ஒலிபரப்பாகும் 5ஜி சைகைகள் அதன் கணக்கைக் குழப்பிவிடக்கூடும் என்று அஞ்சினார்கள்.

இந்தக் கருவியின் சிறப்பு என்னவென்றால், விமானம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. வரைபடத்தை அது பார்ப்பதில்லை. விமானியின் நம்பிக்கையையும் அது கணக்கில் எடுப்பதில்லை. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் டான் பேட்மேன், 1960களின் இறுதியில் தரை நெருக்க எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியபோது அடித்தளமாக வைத்தது இந்த ரேடியோ உயரமானியைத்தான். 1971 செப்டம்பரில் அலாஸ்காவின் ஜூனோ அருகே ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி 111 பேர் இறந்தபின், அந்த இடத்தின் மேல் சிறு விமானத்தில் பறந்து பார்த்தவர் அவர். ஆயினும் கருவி கட்டாயமாவதற்கு இன்னொரு விபத்து தேவைப்பட்டது. மஸ்கெலியா விபத்துக்கு மூன்று நாள் முன்பு, 1974 டிசம்பர் 1ஆம் தேதி, வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிய போயிங் 727 ஒன்று வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். அந்த மாதமே, பெரிய பயணிகள் விமானங்கள் அனைத்திலும் ஓராண்டுக்குள் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி செய்தது.

கருவியின் உள்ளே நடப்பது ஒரு தொடர் கண்காணிப்பு. ரேடியோ உயரமானி தரும் உயரத்தோடு, விமானம் இறங்கும் வேகம், சக்கரங்களின் நிலை, இறக்கையின் பின்விளிம்பில் விரியும் ஃபிளாப்புகளின் நிலை, எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்று காட்ட ஓடுபாதையிலிருந்து வரும் சரிவுப்பாதைச் சைகை ஆகியவற்றையும் அது சேர்த்துப் பார்க்கிறது. தரைக்கு அருகே இருக்கும் உயரத்துக்குப் பொருந்தாத வேகத்தில் விமானம் இறங்கினால் ‘சிங்க் ரேட்’ என்று சொல்லும். விமானம் இறங்காமல் நேராகவே பறந்தாலும், கீழே நிலம் வேகமாக உயர்ந்து வந்தால் ‘டெரெய்ன், டெரெய்ன்’ என்று சொல்லும். டெரெய்ன் என்பது நிலப்பரப்பைக் குறிக்கும் சொல். ஓடுபாதையை விட்டு எழும்பிய விமானம் மீண்டும் தாழ்ந்தால் ‘டோன்ட் சிங்க்’, சக்கரத்தை இறக்காமல் தரையை நெருங்கினால் ‘டூ லோ, கியர்’, ஓடுபாதைக்கான சரிவுப்பாதைக்குக் கீழே போனால் ‘கிளைடு ஸ்லோப்’. நிலைமை முற்றிவிட்டால் மேலே இழு என்று பொருள்படும் ‘புல் அப்’ என்ற கட்டளை, சைரன் போன்ற ஓர் ஒலியோடு மீண்டும் மீண்டும் ஒலிக்கும். முதலில் வருபவை கவனிக்கச் சொல்பவை. ‘புல் அப்’ ஒன்றே கட்டளை. இந்த வேறுபாடு விமானிகளின் பயிற்சியில் மிக முக்கியமானது.

இந்த முதல் தலைமுறைக் கருவியின் குறையும் அதன் சிறப்பிலிருந்தே பிறந்தது. அது நேர் கீழே மட்டும் பார்க்கும். எதிரே செங்குத்தாக ஒரு மலை எழுந்து நின்றால், அதன் அடிவாரத்துக்கு மேலே விமானம் வரும் வரை அதற்கு ஒன்றும் தெரியாது.

இதை 1979 நவம்பர் 28ஆம் தேதி அண்டார்க்டிகாவில் நடந்த விபத்தைவிடத் தெளிவாகக் காட்டக்கூடியது வேறில்லை என்பது என் கருத்து. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து பனிக்கண்டத்தைச் சுற்றிக்காட்டுவதற்காகப் பயணிகளை ஏற்றிச்சென்ற ஏர் நியூசிலாந்து டிசி-10 விமானத்தின் கணினியில், பாதையின் தென்கோடிப் புள்ளியின் தீர்க்கரேகை விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு மாற்றப்பட்டிருந்தது. அதற்கு முன் விமானிகளுக்கு விளக்கிக் காட்டப்பட்ட பாதை மக்மர்டோ நீரிணையின் தட்டையான பனிப்பரப்பின் மேல் சென்றது. புதிய பாதையோ 3,794 மீட்டர் உயரமுள்ள எரிபஸ் எரிமலையின் மேலேயே சென்றது. மாற்றத்தை யாரும் விமானிகளிடம் சொல்லவில்லை. நிலைம வழிசெலுத்தி அன்று துளியும் தவறவில்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட எண்களை நோக்கி விமானத்தை அது சரியாகவே கொண்டுசென்றது. மேகங்களுக்குக் கீழே காற்று தெளிவாக இருந்ததால் விமானிகள் 1,500 அடி வரை இறங்கினார்கள். மேலே வெள்ளை மேகம், கீழே வெள்ளைப் பனி, இரண்டுக்கும் நடுவே நிழலற்ற ஒளி. எதிரே உயர்ந்துகொண்டே போன மலைச்சரிவு, அவர்கள் கண்ணுக்கு வெகு தூரம் நீண்டுகிடக்கும் சமவெளியாகத் தெரிந்தது. எச்சரிக்கை ஒலித்தபோது மோதலுக்கு ஏறத்தாழ ஆறு நொடிகளே இருந்தன. தலைமை விமானி பதறவில்லை. எஞ்சின்களின் விசையைக் கூட்டச் சொன்னார். மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஆறு நொடியில் 800 மீட்டரைக் கடந்துவிடும். 257 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வழிசெலுத்தி, உயரமானி, எச்சரிக்கைக் கருவி ஆகிய மூன்றும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்த விபத்து அது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1995 டிசம்பர் 20ஆம் தேதி இரவு, கொலம்பியாவின் காலி நகரை நோக்கி இறங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 757 விமானத்தில் வேறு விதமாக அதே சிக்கல் எழுந்தது. நேராகவே வந்து இறங்கலாம் என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானிகள் ஏற்றுக்கொண்டார்கள். நேரம் குறைந்துவிட்டதால் இறக்கையின் மேல்புறம் எழும்பும் வேகத்தடுப்புகளை உயர்த்தி விரைவாக இறங்கினார்கள். ஓடுபாதைக்கு அருகிலுள்ள ரோசோ என்ற வானொலி நிலையத்துக்குப் போவதற்காகக் கணினியில் ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினார்கள். திரையில் வந்த பட்டியலின் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வரி ரோசோ அன்று; நூறு மைலுக்கும் அப்பால் போகோட்டா அருகே இருந்த ரோமியோ என்ற நிலையம். விமானம் கேள்வி கேட்காமல் இடப்பக்கம், கிழக்கு நோக்கித் திரும்பிவிட்டது. விமானிகள் அதை உணர்ந்து வலப்பக்கம் திருப்பியபோது, அவர்களுக்கும் காலிப் பள்ளத்தாக்குக்கும் நடுவே ஒரு மலைத்தொடர் வந்திருந்தது. ‘டெரெய்ன், டெரெய்ன், புல் அப்’ என்ற குரல் எழுந்த உடனேயே முழு விசை கொடுத்து மூக்கை உயர்த்தினார்கள். ஆனால் வேகத்தடுப்புகள் இன்னும் உயர்ந்தே இருந்தன. சுமார் பன்னிரண்டு நொடிகளில் விமானம் மலைமுகட்டுக்கு அருகே மோதியது. 163 பேரில் நால்வர் மட்டும் பிழைத்தார்கள்.

பன்னிரண்டு நொடி போதாது என்றால், எத்தனை நொடி வேண்டும்? எதிரே இருப்பதை முன்கூட்டியே அறிய எப்படி முடியும்? பேட்மேனின் குழு இதற்குக் கண்டுபிடித்த வழி, கேட்பதற்கு எளிமையானது: உலகின் நிலப்பரப்பு முழுவதையும் உயரங்களோடு ஒரு பெட்டிக்குள் சேமித்துவைத்து, வழிசெலுத்தி சொல்லும் இடத்தை அதோடு ஒப்பிட்டு, விமானம் போகும் திசையில் இனி என்ன வரும் என்று பார்ப்பது. அதற்கான தரவுதான் எளிதில் கிடைக்கவில்லை. பல நாடுகள் தம் நிலப்பரப்பின் துல்லியமான வரைபடங்களை ராணுவ ரகசியமாக வைத்திருந்தன. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அது தயாரித்திருந்த உலக வரைபடங்கள் விலைக்குக் கிடைத்தன. அவற்றை வாங்கிப் பயன்படுத்தினார்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு பூமியின் பெரும்பகுதியைப் பதினோரு நாளில் அளந்தது, பின்னர் இத்தகைய தரவுகளை மேலும் செறிவாக்கியது. அதே ஆண்டு அமெரிக்கா இந்த மேம்பட்ட அமைப்பைக் கட்டாயமாக்கி, 2005 மார்ச் வரை கெடு வைத்தது.

மேம்பட்ட அமைப்பில் பழைய எச்சரிக்கைகள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மேல் புதிய திறன் சேர்ந்திருக்கிறது. இப்போது நிலப்பரப்பு விமானியின் திரையில் நிறங்களாகவே தெரியும். விமானத்தைவிட 2,000 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் நிலம் சிவப்பு. விமானத்தின் உயரத்தை ஒட்டிய நிலம் மஞ்சள். பாதுகாப்பான அளவுக்குத் தாழ்ந்திருப்பது பச்சை. போகும் பாதையில் மோதலுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் இருக்கும்போதே ‘காஷன், டெரெய்ன்’ என்ற முதல் எச்சரிக்கை வரும். அரை நிமிடத்தில் ‘புல் அப்’ கட்டளை வரும். எரிபஸில் ஆறு நொடி, காலியில் பன்னிரண்டு நொடி என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த மாற்றத்தின் அளவு விளங்கும். பழைய கருவிக்கு இருந்த மற்றொரு குருட்டுப் புள்ளியும் இதனால் தீர்ந்தது. சக்கரத்தை இறக்கி, ஃபிளாப்புகளை விரித்து, சீரான வேகத்தில் இறங்கும் விமானம் ஓடுபாதைக்குப் பல மைல் முன்பே தரையைத் தொடப்போனால், அது ஒழுங்காகத் தரையிறங்குவதாகவே பழைய கருவி எண்ணிக்கொள்ளும். புதிய கருவிக்கு ஓடுபாதைகள் எங்கே இருக்கின்றன என்பது தெரியும். ஓடுபாதை இல்லாத இடத்தில் இவ்வளவு தாழக்கூடாது என்று அது எச்சரிக்கும்.

‘புல் அப்’ ஒலிக்கும்போது விமானி செய்ய வேண்டியது மனப்பாடமாக இருக்க வேண்டும். இரவிலோ மேகத்திலோ பறக்கும்போது ஏன் என்று ஆராய இடமில்லை. தானியங்கியை விடுவித்து, எஞ்சின்களுக்கு முழு விசை கொடுத்து, இறக்கைகளை மட்டமாக்கி, மூக்கை உயர்த்தி, வேகத்தடுப்புகள் மடங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, ஆபத்து விலகும் வரை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். காரணத்தைப் பிறகு தேடலாம். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு, குரலைக் கேட்டும் கேளாதிருந்தவர்களின் கதைகளே காரணம். 2010 ஏப்ரல் 10ஆம் தேதி போலந்து அதிபர் லெக் கச்சின்ஸ்கி உட்பட 96 பேரோடு ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கில் விழுந்த டியு-154 விமானத்தில் இந்த மேம்பட்ட கருவி இருந்தது. அது எச்சரித்துக்கொண்டும் இருந்தது. ஆனால் அந்த விமான தளம் கருவியின் தரவுத்தளத்தில் இல்லை. ஆகையால் அங்கே முறையாக இறங்கினாலும் எச்சரிக்கை வரத்தான் செய்யும் என்ற நிலை. மூடுபனியில் அவர்கள் தாழ்ந்துகொண்டே போனபோது, ரேடியோ உயரமானி காட்டிய எண்களே விமானி அறையில் உரக்கப் படிக்கப்பட்டன. ஓடுபாதைக்கு முன்னால் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. கருவி காட்டியது பள்ளத்தின் அடியிலிருந்து உள்ள உயரத்தை. ஓடுபாதையோ பள்ளத்துக்கு மேலே இருந்தது. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி விடை சொல்கிறது என்பது மறந்துபோகும்போது, உண்மையான எண்ணே ஆளைக் கொன்றுவிடுகிறது.

இதில் அடங்கியிருக்கும் ஒரு சிக்கலைப் புதிதாகக் கற்பவர்கள் கவனிக்க வேண்டும். நான் எங்கே இருக்கிறேன் என்ற கேள்வியின் விடையை நம்பாமல் தரையை நேராகக் கேட்டறிந்தது பழைய கருவியின் பலம். மேம்பட்ட கருவி எதிரே பார்ப்பதற்காக அந்த விடையையே மீண்டும் நம்பத் தொடங்கியது. ஜிபிஎஸ் தவறினால் அதன் பார்வையும் தவறும். 2023 முதல் மேற்காசிய வான்பரப்பில் இது நடைமுறையில் தெரியவந்திருக்கிறது. போர்ப் பகுதிகளிலிருந்து ஒலிபரப்பப்படும் போலி ஜிபிஎஸ் சைகைகளை உண்மை என்று ஏற்றுக்கொண்ட விமானங்கள், தாம் வேறெங்கோ இருப்பதாக எண்ணிக்கொண்டன. 35,000 அடியைத் தொடும் உயரங்களில், மலையே எட்டாத இடத்தில், ‘புல் அப்’ என்ற குரல் கேட்டிருக்கிறது. பொய்யான எச்சரிக்கை அப்போதைக்குத் தீங்கு செய்யாது. பழகிப்போய், உண்மையான எச்சரிக்கையையும் பொய் என்று ஒதுக்கும் மனநிலையை அது வளர்த்துவிடுமோ என்பதே விமானிகளின் கவலை.

ஆகவே இந்த அமைப்பில் ஒரு தனி விசை வைத்திருக்கிறார்கள். சேமித்த வரைபடத்தை வைத்து எதிரே பார்க்கும் பகுதியை மட்டும் அதன் மூலம் நிறுத்திவைக்கலாம். இடம் பற்றிய தகவல் நம்பத்தக்கதன்று என்று உறுதியாகும்போது, தம் நிறுவனத்தின் நடைமுறைப்படி விமானிகள் அதை அழுத்துகிறார்கள். திரையில் சிவப்பும் மஞ்சளும் மறைந்துவிடும்; எதிரே பார்த்துச் சொல்லும் எச்சரிக்கைகளும் நின்றுவிடும். ரேடியோ உயரமானியைக் கொண்டு இயங்கும் பழைய எச்சரிக்கைகளை அந்த விசை நிறுத்துவதில்லை. செயற்கைக்கோள் என்ன சொன்னாலும், 2,500 அடிக்குள் வந்துவிட்டால், விமானத்தின் அடியிலிருந்து தரையை நோக்கி அந்த அலை போய்த் திரும்பிக்கொண்டேதான் இருக்கும்.